காற்றில் கசியும் இராணுவ இரகசியம்

1941 டிசம்பர் 8ஆம் தேதி அலோர்ஸ்டார் விமானத் தளத்தில் ஜப்பானியர் குண்டு வீசினார்கள். தரையில் நின்ற பிரிட்டிஷ் பிளென்ஹைம் விமானங்கள் நாசமாயின. இரண்டொரு நாளில், கெடாவில் பணியாற்றிய கேப்டன் பேட்ரிக் ஹீனான் கைதானார். வயர்லெஸ் கருவி மூலம் எதிரிக்குத் தகவல் கொடுத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு.

அன்று தகவல் கசிய ஓர் ஒற்றன் வேண்டியிருந்தது. இன்று கருவியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது! வை-ஃபை அலைக்கு முகாம் வேலி தெரியுமா என்ன?

வை-ஃபையின் முதல் பூட்டான 'வெப்' முறையை உடைக்கும் வழியை ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டார்கள். அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு 2004இல் ஓர் உத்தரவு போட்டது. கடையில் கிடைக்கும் வயர்லெஸ் கருவியை இராணுவத்தில் பயன்படுத்தலாம். ஆனால் அதன் மறையாக்கம் 'ஃபிப்ஸ் 140-2' தரத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். 2019இல் 140-3 நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் வியாபாரிகள் சாமர்த்தியம் காட்டுவார்கள். "எங்கள் கருவியிலும் ஏ.இ.எஸ். இருக்கிறது" என்பார்கள். இருந்தால் மட்டும் போதாது. அது சரியாக அமைக்கப்பட்டிருக்கிறதா, சாவி எங்கே வைக்கப்படுகிறது என்றெல்லாம் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் சோதித்துச் சான்று தர வேண்டும். மலேசியாவில் 'காமன் கிரைட்டீரியா' என்ற அனைத்துலக அளவுகோலின்படி சைபர்செக்யூரிட்டி மலேசியா சான்றிதழ் வழங்குகிறது.

இதில் ஒரு தலைவலி உண்டு. சான்று குறிப்பிட்ட பதிப்புக்குத்தான். ஓட்டையை அடைக்க மென்பொருளைப் புதுப்பித்தால், புதிய பதிப்புக்குச் சான்று இருக்காது. புதுப்பிக்காவிட்டால் சான்று இருக்கும், ஓட்டையும் இருக்கும். ஆயுதக் கிடங்கை விடவும் இந்தக் காகிதக் கிடங்கைக் காப்பதுதான் அதிகாரிகளுக்குப் பெரும்பாடு.

இவ்வளவு செய்தும் சிப்பாயின் கைக்கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'ஸ்ட்ராவா' ஓட்டப் பயிற்சிச் செயலி வெளியிட்ட வரைபடத்தில், பாலைவனத்து இராணுவ முகாம்கள் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் அம்பலமானது. அதே ஆகஸ்டில், களப் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதியைப் பயன்படுத்த பென்டகன் தடை போட்டது. 2020இல் இந்திய இராணுவம், ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது.

கோலா கெத்தில் தோட்ட வீடுகளிலும் பட்டாளத்துப் பிள்ளைகள் உண்டு. "எங்கய்யா இருக்க? லொகேஷன் அனுப்பு" என்று அம்மா கேட்பார். பாசம்தான். ஆனால் அவன் அனுப்புவது தன் இடத்தை மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருக்கும் முப்பது பேரின் இடத்தையும்தான்.