பாடசாலையிற் கூட்டு வாழ்வு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டுதோறும் இம்மேடையிற் கல்வியைப் பற்றிப் பேசுகின்றோம். பரீட்சையிற் சித்தியெய்திய பிள்ளைகளுக்குப் பரிசில் வழங்கி மகிழ்கின்றோம். அது வேண்டியதே. ஆயினும், ஒரு பிள்ளை பத்தாண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையிற் காலங் கழிக்கின்றது. அத்தனை காலமும் அது கற்பது பாடங்களை மாத்திரந்தானா? பிறரோடு கூடி வாழும் முறையையும் அங்கேதான் கற்கின்றது. அன்பும் ஒழுக்கமும் நூலைப் படித்த அளவில் வந்துவிடுவன அல்ல. கூடியிருந்து, கூடியுண்டு, கூடியுழைத்து வருவன. இதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

வீட்டிலும் அன்பு உண்டு. ஆனால் அது இரத்த பாசத்தால் வருவது. தம்பிக்குப் பங்கு கொடுப்பது பிள்ளைக்குப் பெரிய காரியமன்று. கொடுக்காவிட்டால் அம்மா விடமாட்டார். உறவும் ஊரும் அறியாத ஒருவனுக்குப் பக்கத்தில் இருந்து, அவனையும் தன்னைப்போல் எண்ணப் பழகும் முதலிடம் பாடசாலையே.

அவ்விடமும் எல்லாருக்கும் எளிதில் திறந்துவிடவில்லை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட குலத்துப் பிள்ளைகளை வாங்கில் இருக்க விடாத பாடசாலைகள் யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் இருந்தன. நிலத்திலும் வெளியிலும் இருந்து அப்பிள்ளைகள் பாடங் கேட்டனர். 1920களின் இறுதியில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சமஆசனம் வழங்கப்படல் வேண்டுமென விதிக்கப்பட்டபோது பெரும் எதிர்ப்பு மூண்டது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. சமயநூல் கற்றவர்களும் அவ்வெதிர்ப்பில் நின்றார்கள் என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். வாயால் அறம் ஓதியது அவர்களுக்குப் போதவில்லை.

அக்காலத்திலேயே வேறொரு குரலும் எழுந்தது. 1924இல் யாழ்ப்பாணத்து மாணவர்கள் கூடி ஒரு காங்கிரசை அமைத்தனர். 1927இல் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்திற்கு வரவேற்றவர்களும் இவர்களே. தீண்டாமை ஒழிய வேண்டுமென்பது இவர்களின் கொள்கைகளுள் ஒன்று. மூத்தோர் பலர் துணியாததை இளைஞர் துணிந்தனர். இன்று ஒரே வாங்கில் இருந்து கற்கும் எம் பிள்ளைகள், அந்த வாங்கு எவ்வாறு கிடைத்தது என்பதை மறத்தலாகாது.

கிழக்கிலே, காரைதீவில் 1892இல் அவதரித்த சுவாமி விபுலானந்தர் 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைகளும் ஆதரவற்ற பிள்ளைகளும் தங்கிப் படிக்க மாணவர் இல்லங்கள் நடைபெறவும் உழைத்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்த காலத்திலும், அருகேயுள்ள திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளிடம் தாமே சென்று கற்பித்தார். யாழ்நூல் செய்த அறிஞருக்கு அது சிறிய வேலையாகத் தோன்றவில்லை.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலியாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பிற் சேரும் வழி அகன்றது. ஆனால், சட்டம் பிள்ளைகளை ஓர் அறையில் இருத்தலாம். ஒருவன் மனத்தில் மற்றவனை இருத்த அதனால் இயலாது. அதைக் கூட்டு வாழ்வே செய்யும்.

எமது வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றோம். இடைவேளை மணி அடித்ததும் ஒரு மாணவன் குழாயடிக்குப் போய் விடுவான். நாம் சாப்பிட்டு முடித்த பின்பே திரும்புவான். "தண்ணீர்ச்சாமி" என்று அவனுக்குப் பட்டமும் வைத்துச் சிரித்தோம். அவனிடம் சாப்பாட்டுப் பொதி இல்லை என்பதை அறியப் பல நாட்கள் சென்றன. வகுப்பாசிரியர் எம்மை ஏசவில்லை. மறுநாள் ஒரு பெரிய வாழையிலையை விரித்து, முதலில் தம்முடைய பொதியை அதிற் கொட்டினார். "எல்லாரும் கொட்டுங்கோ, இன்றைக்கு ஒரே பந்தி" என்றார். புட்டும் இடியப்பமும் பாணும் சம்பலும் ஒன்றாயின. யார் கொண்டுவந்தது, யார் கொண்டுவரவில்லை என்பது எவருக்கும் தெரியவில்லை. அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. கொடுத்தோம் என்ற செருக்கு எமக்கு இல்லை. வாங்கினேன் என்ற கூச்சம் அவனுக்கும் இல்லை. ஆயினும், நாம் வைத்த பட்டத்தை நினைக்குந்தோறும் இன்றும் மனம் குறுகுகின்றது. எந்தப் பாடப்புத்தகமும் எமக்கு அந்த நாணத்தைத் தந்ததில்லை.

கூட்டு வாழ்வின் பயிற்சிகள் இவை போலப் பல. இல்ல விளையாட்டுப் போட்டியில், தான் தோற்றாலும் தன் இல்லம் வெல்ல வேண்டுமென ஒருவன் நினைக்கின்றான். சிரமதானத்தில், அப்புக்காத்தின் மகனும் தோட்டக்காரரின் மகனும் ஒரே கடகத்தில் மண் சுமக்கின்றனர். நவராத்திரிக்கு மாலை கட்டுவதிலும் அவல் கடலை பகிர்வதிலும் மூத்த வகுப்பார் இளையோரைப் பார்த்துக்கொள்ளப் பழகுகின்றனர். விடுதியிற் காய்ச்சலாய்க் கிடந்த தோழனுக்கு இரவிற் கஞ்சி கொடுத்தவன், பிறகு எந்த நோயாளியையும் அந்நியனாக எண்ணமாட்டான்.

மாணவ முதல்வர் பதவியும் ஒரு பள்ளிக்கூடந்தான். திருவள்ளுவர் 'கண்ணோட்டம்' என்னும் அதிகாரத்தை இல்லறவியலிலே வைக்காது, பொருட்பாலில் அரசியலிலே வைத்தார். அதிகாரம் உடையவனுக்கே இரக்கம் மிகுதியும் வேண்டுமென நாம் இதிலிருந்து கொள்ளலாம். பிந்தி வந்த சிறுவனை வாயிலில் நிறுத்தும் மாணவ முதல்வன், "ஏன் பிந்தினாய், தம்பி?" என்று ஒரு சொல் கேட்கப் பழகினால், நாளை கந்தோர் மேசைக்கு முன்னே வந்து நிற்கும் ஏழையையும் அவ்வாறே கேட்பான்.

இன்று எமக்குள்ள கவலை இதுதான். பிள்ளை பாடசாலை விட்டதும் ரியூற்றரிக்கு ஓடுகின்றது. அங்கே நூறு பேர் அருகருகே இருப்பர். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கினால் விளையாட்டு நின்றுவிடும். குறிப்புக் கொப்பியைத் தோழனுக்குக் காட்டாதே என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புகின்றோம். பெற்றோரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. போட்டி கடியது, அச்சம் இயல்பு. ஆனால், பத்து வயதிற் கொப்பியை மறைக்கப் பழகிய கை, நாற்பது வயதில் எதைத் திறந்து கொடுக்கும்?

ஆகவே பெரியோர்களே, பிள்ளை வீடு வந்ததும் "எத்தனை புள்ளி?" என்று கேட்பதோடு, "இன்று யாருக்கு உதவினாய்?" என்றும் கேளுங்கள். இளைஞர்களே, எமது சங்கத்தவர் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, அயலிலுள்ள சிறுவர்களைக் கூட்டிப் படிப்பியுங்கள், விளையாடுங்கள், முடிவில் ஒரே பந்தியில் இருந்து உண்ணுங்கள். பெரிய மண்டபம் வேண்டாம். ஒரு பாயும் ஒரு வாழையிலையும் போதும்.

இறைவன் திருவருள் துணைநிற்பதாக.