சாட்சிக் கூண்டைக் கண்டு பயப்படாதீர்கள்

(ஜார்ஜ் டவுனில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



போலீஸ் அடித்ததைப் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். கோர்ட்டுக்கு வரச் சொன்னால் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குகிறவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். கூண்டு என்ற சொல்லே நம்மைக் குற்றவாளியாக உணர வைக்கிறது. ஆனால் அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் நீங்கள் அல்ல.

2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் ஏ. குகன் என்ற இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் கோர்த்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடவில்லை. இரண்டாவது பரிசோதனையில் கடுமையான அடிகாயங்கள் அம்பலமாயின. 2013 ஜூனில் உயர்நீதிமன்றம் போலீஸ் தரப்பைப் பொறுப்பாக்கி, இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. சாட்சியம் இல்லாமல் இது நடந்திருக்குமா?

1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 134ஆவது பிரிவைப் பாருங்கள். ஒன்றை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கே கிடையாது. நம்பத்தகுந்த ஒருவர் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

பயத்தைக் குறைக்க என்ன செய்யலாம்?

சம்பவம் நடந்த அன்றே, பார்த்ததை உங்கள் கையால் எழுதித் தேதி போட்டு வையுங்கள். நீதிமன்ற அனுமதியுடன் அதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள 159ஆவது பிரிவு இடம் தருகிறது. எதிர்த்தரப்பும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆகவே உண்மையை மட்டும் எழுதுங்கள்.

முன்கூட்டியே ஒரு நாள் லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்குப் போய், பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்து ஒரு விசாரணையைப் பாருங்கள். பார்த்த இடம் பாதிப் பயத்தைப் போக்கும்.

மலாய் தடுமாறினால் தமிழில் பேசுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். கேள்வி புரிந்தாலும், அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள். அந்த நேரத்தில் யோசிக்கலாம்.

பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள். புரியாவிட்டால் "புரியவில்லை" என்று சொல்லுங்கள். தெரியாததற்குத் "தெரியாது" என்பதே சரியான பதில். வழக்கை ஜெயிக்க வைப்பது உங்கள் வேலையல்ல. கண்டதைச் சொல்வது மட்டுமே உங்கள் வேலை. இது மனதில் பதிந்தால் பாரம் இறங்கிவிடும்.

குறுக்கு விசாரணையில் வக்கீல் குரலை உயர்த்துவார். கோபப்படாமல் நீதிபதியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அவமானப்படுத்தும் கேள்விகளைத் தடுக்க 152ஆவது பிரிவு இருக்கிறது. ஏதாவது குழம்பிவிட்டால், மறுவிசாரணையில் உங்களை அழைத்த தரப்பு தெளிவுபடுத்தக் கேட்கும்.

யாராவது மிரட்டினால் மூடி மறைக்காதீர்கள். உடனே வழக்கறிஞரிடம் சொல்லி, புகார் செய்யுங்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2009ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு.

கடைசியாக, சபீனா வந்தால் கிழித்துப் போடாதீர்கள். வராதவருக்குக் கைது ஆணை வரலாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தால், அன்று ஒருநாள் லீவு போட்டு அவருடன் போங்கள். துணைக்கு ஒரு முகம் இருந்தால், நடுங்கும் குரலும் நின்று பேசும்.