ஏட்டில் ஏறாத பாட்டன்

(அட்டனில் தோட்டத் தொழிலாளரும் ஆசிரியரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பிரஜாவுரிமை பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தீர்கள். "2003 ஆம் ஆண்டோடு தீர்ந்துபோன விஷயந்தானே, இன்னும் என்ன பேச்சு?" என்று வரும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார். சென்ற மாதம் டிக்கோயாப் பக்கத்திலிருந்து என்னைத் தேடி வந்த ஒரு தாய்க்கு அது தீரவில்லை. அவர் மகள் குவைத்துக்கு வேலைக்குப் போகவேண்டும். மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தந்தை பெயர் ராமையா. தந்தையின் பிரஜாவுரிமைப் பத்திரத்திலோ ராமசாமி. கடவுச்சீட்டுக் கேட்டுப் போன பெண்ணை அலுவலகத்தார் திருப்பி அனுப்பிவிட்டனர். "ஐயா, இருவரும் ஒரே ஆள்தான் என்று நான் எந்தக் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது?" என்று கேட்டார் அந்தத் தாய்.

அக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. 1948 இல் எழுந்தது.

அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கூறிற்று? அதற்கு முன் இத்தீவிலே பிறந்த ஒருவன் பிரஜையாவதற்கு, அவன் தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். கேட்பதற்கு எல்லார்க்கும் பொதுவான விதிதான். ஆனால் கம்பளைக் கிராமத்து விவசாயியிடம் எவரும் பாட்டனின் பத்திரத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவராலும் காட்டியிருக்க முடியாது! கேட்கப்பட்டவன் தோட்டத்தான். காட்டைத் திருத்தித் தேயிலை நட்ட அவன் பாட்டன் எந்த ஏட்டில் இருந்தான்? துரையின் செக்ரோலில் இருந்தான். கூலிக் கணக்கில் ஏறிய பெயர் குடிமக்கள் கணக்கில் ஏறவில்லை.

அடுத்து வந்தது 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். 1946 ஜனவரி 1 க்கு முன்னதாக, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கே வசித்ததை நிறுவவேண்டும். ஊரில் தாய் சாகக் கிடக்கிறாள் என்று கடல் கடந்து போய், நெடுங்காலம் தங்கித் திரும்பியவன் கதி என்ன? நம்மவர் செய்த பிழையையும் மறைக்கலாகாது. முதலில் இச்சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்ன இலங்கை இந்தியர் காங்கிரஸ் பின்னரே மனம் மாறிற்று. 1951 ஆகஸ்ட் 5 இல் தவணை முடியும் வேளையில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றில் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். பிரஜாவுரிமை பெற்றவரோ சுமார் 1,34,000 பேர்தாம்.

இதற்கிடையில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947 இல் தோட்டத்து மக்கள் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1952 இல் காங்கிரசின் பேரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவருமில்லை. கோடாக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. சட்டத்திலே பாரபட்சம் இல்லை என்று 1953 இல் அங்கேயும் தீர்ப்பாயிற்று.

பின்பு 1964 ஒக்டோபர் 30. சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் 9,75,000 பேரைப் பங்கிட்டனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கு போடப்பட்டவரை யார் கேட்டார்கள்? மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டிக்கு நம் மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. 1984 இல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, லயத்தை விட்டுப் போகமுடியாமல் பல்லாயிரவர் இங்கேயே தங்கினர்.

அவர்களுக்கும் சேர்த்தே 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும், இங்கு வாழும் அவர்தம் சந்ததியாரும் பிரஜைகள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் பிரகடனம் செய்து உரிமை பெற்றனர்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். "இங்கே பிறந்தேன், அது போதாதா?" என்கிறார் ஒருவர். போதாது, ஐயா! இந்நாட்டில் பிறந்த மண் மட்டும் உரிமை தருவதில்லை. பெற்றோர் வழியேதான் உரிமை வருகிறது. ஆகவே தகப்பனாரின் பத்திரத்தைப் பழைய தாளென்று எறிந்துவிடாதீர்கள். முன்பு தந்தை வழி மட்டுமே செல்லும். 2003 இல் செய்த இன்னொரு திருத்தத்தால் தாய் வழியும் ஏற்கப்பட்டது. அரபு நாட்டில் பிள்ளை பிறந்தால் ஓராண்டுக்குள் நமது தூதரகத்தில் பதியவேண்டும்; தவறினால் காரணங்காட்டிக் காலநீட்டிப்புக் கேட்கலாம்.

தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் உறவினர் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். 2019 இல் இந்தியா இயற்றிய குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டினர்க்கே உரியது, இலங்கையர் அதிலில்லை. ஆனால் 1987 ஜூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் அந்நாட்டுச் சட்டப்படி பிறப்பாலேயே குடிமக்கள். ஆதலால் முகாமில் பிறந்த பிள்ளையின் பிறந்த தேதியை முதலில் பாருங்கள். திரும்பி வரும் எண்ணமுள்ளோர் பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்துகொண்டு வரட்டும். இங்கே வந்தபின் அலைவதிலும் அது எளிது.

பெயர்ப் பிழைக்கு வழி உண்டு. பிரதேச செயலகத்து மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் கோரலாம். சத்தியக் கடதாசியும் பழைய ஆவணங்களும் வேண்டும். டிக்கோயாத் தாய்க்காகத் தோட்டத்துப் பழைய செக்ரோலைப் புரட்டினோம். "ராமசாமி என்ற ராமையா" என்று மங்கிய மையில் ஒரு வரி இருந்தது. அதன் பிரதியை இணைத்து விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.