முத்திரை எதற்குச் சான்று?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் என் பழைய மாணவர் ஒருவர் கையில் காகித உறையுடன் என் இல்லத்துக்கு வந்தார். உறையினின்று தம் பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்து நீட்டி, "ஐயா, இது தங்கள் கையொப்பந்தானே?" என்று வினவினார். ஆம் என்றேன். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

நம் புதுவையில் இத்தகைய உறைகள் இல்லாத வீதி அரிது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாள் தொட்டு ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர்ந்து கொள்ள இடமிருந்தது. எனவே ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகனாகவும் தம்பி இந்தியக் குடிமகனாகவும் இருப்பது இவ்வூரில் வியப்பன்று. ஒருவர் இன்னாருடைய மகன் என்பதைக் கடல் கடந்து மெய்ப்பிக்க வேண்டிய தேவையும் அதனால் இங்கு மிகுதி.

ஓர் ஊரில் அளித்த சான்றிதழை வேற்று நாட்டார் எங்ஙனம் நம்புவர்? நம் தலைமையாசிரியரின் கையெழுத்தைப் பாரிசில் யார் அறிவார்? முன்னெல்லாம் ஓர் அலுவலர் ஒப்பமிட, அவர் ஒப்பத்தை மேலலுவலர் மெய்யென்று ஒப்பமிட, இறுதியில் அந்நாட்டுத் தூதரகமும் ஒப்பமிட வேண்டும். இந்த நெடுவழியைச் சுருக்கவே 1961 அக்டோபர் 5ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியாவுக்கு அது 2005 ஜூலை 14 முதல் பொருந்துகிறது. இப்போது ஆட்சிப்பகுதி அல்லது மாநில அரசின் மெய்ப்பொப்பத்துக்குப் பின் நம் வெளியுறவு அமைச்சகம் ஒரு சதுர வில்லையை ஒட்டித் தந்தால், உடன்படிக்கையில் சேர்ந்த நாட்டில் தூதரக ஒப்பம் வேண்டுவதில்லை. இந்த வில்லையின் பெயர் 'அப்போஸ்தில்'. எந்த நாடு வழங்கினாலும் தலைப்பு பிரெஞ்சு மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்பது விதி. ஓரத்தில் எழுதும் குறிப்பு என்பதே அச்சொல்லின் பொருள். பெரிய சொல்லாகத் தோன்றினும் பொருள் எவ்வளவு அடக்கமானது, பாருங்கள்!

அந்த ஓரக்குறிப்பு எதற்குச் சான்று? கையொப்பம் மெய்யானது, ஒப்பமிட்டவர் இன்ன பதவியில் இருந்து இட்டார், முத்திரை உண்மையானது. இவ்வளவே. ஆவணத்தின் உள்ளே எழுதியிருப்பது சரியா என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. படித்தவர் பலரும் இதனை அறியார். நானும் அன்று வரை அறியேன்.

என் மாணவரின் தந்தையார் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர். 'மேரி' என்று நாம் வழங்கும் நகராட்சியின் பழைய பிறப்புப் பதிவேட்டில் அவர் பெயர் பிரெஞ்சு முறையில் இருந்தது. 'முத்து' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள உகரத்துக்கு ஆங்கில வழக்கில் 'யு' என்ற ஓர் எழுத்து. பிரெஞ்சில் 'ஓ', 'யு' என இரண்டெழுத்து. தமிழ்ச் செவிக்கு ஒரே பெயர். அயலார் கண்ணுக்கு இரண்டு ஆட்கள். பள்ளியிற் சேர்த்த நாளில் தந்தையார் விண்ணப்பத்தில் பிரெஞ்சு முறையிலேயே பிழையற எழுதித் தந்திருந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்ற என் கண்ணுக்கு அது எழுத்துப்பிழையாகப் பட்டது. கேளாமலே திருத்தினேன்.

என் ஒப்பத்தைக் கல்வி அலுவலர் மெய்யென்றார். அவர் ஒப்பத்தை மேலலுவலகம் மெய்யென்றது. அதனை அமைச்சகம் மெய்யென்றது. எல்லாம் உண்மையே! தந்தை பெயர் மட்டும் ஒத்துவரவில்லை என்று அயல்நாட்டு அலுவலகம் ஒன்று தாளைத் திருப்பிவிட்டது. பள்ளிப் பதிவேட்டைத் திருத்த ஆணை பெற்று, புதுச் சான்றிதழ் வாங்கி, மெய்ப்பொப்பங்களை முதலிலிருந்து தொடங்கினோம். அவருக்கு ஒரு கல்வியாண்டு போயிற்று. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை; அதுவே எனக்கு வருத்தம்.

ஆகவே, உங்கள் மதிப்பெண் பட்டியலையும் பிறப்புச் சான்றையும் இன்றிரவே அருகருகே வைத்து, பெயர், தலைப்பெழுத்து, தந்தை தாயார் பெயர், பிறந்த நாள் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் வில்லை ஒட்டுமுன் திருத்துங்கள். செல்லும் நாடு உடன்படிக்கையில் உள்ளதா என்பதையும் கேட்டறியுங்கள். கனடாவுக்கு 2024 ஜனவரியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகத்துக்குச் செல்வோர் இன்னும் தூதரக வழியிலேயே செல்ல வேண்டும். வில்லை மூலச் சான்றிதழின் பின்புறத்திலேயே ஒட்டப்படுவதால், தாளுக்கு முன்னதாகக் கண்ணாடித்தாள் உறை போட்டு ஒட்டிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் அக்கறையோடு செய்யும் தவறு இது.