ராஜாவின் நகையும் கூத்தாடியின் கூலியும்

(காரியாபட்டியில் தோல்பாவை செய்முறைப் பயிற்சிக்குக் கூடிய ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் முன் ஆற்றிய உரை)



"கஞ்சிக்கே வழி தேடும் ஊரில் பொம்மை செய்யப் பழகுவது எதற்கு?" என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே உளியைக் கையில் எடுப்போம்.

பாவை எதனால் ஆனது? வெள்ளாட்டுத் தோலால் ஆனது. நமது பூமி வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமெல்லாம் மழை கைவிட்ட வருஷங்களில் ஆடுதான் ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆட்டுத்தோல் பல கை மாறித் திண்டுக்கல்லுக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பதனிடப் போகிறது. ஆனால் பதனிட்ட தோல் பாவைக்கு உதவாது. வெளிச்சம் அதில் ஊடுருவாது. பாவைக்குப் பச்சைத் தோல்தான் வேண்டும்.

தோலை நீரில் ஊறப்போட வேண்டும். மயிரையும் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் வழித்தெடுக்க வேண்டும். நாலு பக்கமும் இழுத்து முளையடித்துக் காயவைக்க வேண்டும். பிறகு மெல்லியதாகும்வரை கத்தியால் சுரண்ட வேண்டும். அழுத்தினால் கிழியும், விட்டால் தடித்துப் போகும். நூற்பாலையில் அறுந்த இழையை விரல் நுனியால் ஒட்டுகிற தோழருக்கு இந்தக் கைப்பதம் என்னவென்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதன்பின் உருவத்தை வரைந்து வெட்டுகிறார்கள். சிறு உளிகளால் துளையிடுகிறார்கள். இரு பக்கமும் சாயம் ஏற்றுகிறார்கள். பிளந்த மூங்கில் குச்சியின் நடுவே பாவையைப் பொருத்திக் கட்டுகிறார்கள். முன்னால் வெள்ளை வேட்டி, பின்னால் விளக்கு. அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கு, பிறகு பெட்ரோமாக்ஸ், இன்று மின்விளக்கு.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். திரையில் ராஜாவின் கிரீடம் மின்னுகிறது, கழுத்தில் ரத்தின ஆரம் பளபளக்கிறது. அந்த ரத்தினம் என்ன? வெறும் ஓட்டை! உளி பிடித்த கை போட்ட ஓட்டை. பின்னால் விளக்கை அணைத்துவிட்டால் ராஜாவும் இல்லை, ஆரமும் இல்லை. ராஜாவை ராஜாவாக்குவது தொழிலாளியின் கைதான். இந்தப் பாடத்தைப் பாவை எந்தப் பிரசங்கமும் இல்லாமலே நமக்குச் சொல்லிவிடுகிறது.

இந்தக் கலையைக் காத்து வந்தவர்கள் யார்? தமிழ்நாட்டில் பெரும்பாலும் மண்டிகர் குடும்பங்கள். வீட்டில் மராத்தி பேசுவார்கள். திரைக்குப் பின்னால் தமிழ் பேசுவார்கள். 1855 வரை தஞ்சையில் நீடித்த மராட்டியர் ஆட்சிக் காலத்தை ஒட்டி வந்தவர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். ஊர் ஊராகப் போய், கொட்டகை கட்டி, பத்து இரவு ராமாயணம் நடத்தினார்கள். நல்லதங்காள் கதை நடத்தினார்கள். ஒரே ஆள் ராமனுக்கும் பேசுகிறார், ராவணனுக்கும் பேசுகிறார், சீதைக்கும் அழுகிறார். மனைவி பின்பாட்டுப் பாட, பிள்ளை மிருதங்கம் தட்ட, ஒரு குடும்பமே ஒரு நாடகக் கம்பெனி!

அவர்கள் ராமாயணத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வால்மீகியும் கம்பனும் அறியாத இரண்டு பேரை நடுவே கொண்டுவந்து விட்டார்கள்: உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். ராஜாக்கள் விறைப்பாக நிற்பார்கள். கோமாளிக்கோ மூட்டுக்கு மூட்டு ஆட்டம். நம்முடைய பேச்சைப் பேசுவான், அரண்மனையையும் கேலி செய்வான். ராமனுக்காக வந்த ஜனங்கள் இவனுக்காகவும் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அண்டை நாட்டையும் பாருங்கள். கேரளத்தில் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்று தனி மேடையே உண்டு. 42 அடி நீளத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் எரிகின்றன. அங்கே பாடுவது நம் கம்பனின் பாட்டு! நம் பக்கத்துக் கூத்தாடிக்கு அப்படி நிலையான மேடை கிடையாது. ஊர் கொடுத்தால் சாப்பாடு; மழை வந்தால் பட்டினி. கூத்தாடியை அழைத்து மழைக்காகவே கூத்து வைத்த ஊர்களும் உண்டு. மழை பெய்தால் ஊருக்கு விளைச்சல்; கூத்தாடிக்கோ கொட்டகை நனைந்து ஆட்டம் நிற்கும்!

சினிமா வந்தது, டெலிவிஷன் வந்தது, இப்போது கைக்குக் கை போன். கூத்தாடி பிளாஸ்டிக் சாமான் விற்கவும் கூலி வேலைக்கும் போனார். பழம் பாவைகள் விலைபோய்ப் பணக்காரர் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன.

ஆந்திரத்தில் நிம்மலகுண்டா என்ற கிராமம். அங்கே பாவை செய்யும் கைகள் இன்று விளக்குக் கூடுகள் செய்து நகரங்களுக்கு அனுப்புகின்றன. அவ்வூர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவுக்கு 2020ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பட்டம் நல்லது, சந்தோஷம். வயிற்றுக்காக விளக்குக் கூடு செய்பவரை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் விளக்குக் கூடு பேசாது, தோழர்களே! உச்சிக்குடும்பனைச் சுவரில் மாட்டினால் அவன் வாய் மூடிவிடும்.

ஆகவே "பொம்மை எதற்கு?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: நம் வாயால் நம் கதையைச் சொல்வதற்கு. கூலிக்காரனும் சிரிக்கவும் சிந்திக்கவும் உரிமையுள்ளவன் என்று காட்டுவதற்கு.

அதற்கு மூன்று காரியங்களைச் செய்வோம்.

ஒன்று: நமக்குக் கற்றுத் தருகிற கலைஞருக்கு நாள் கூலி கொடுப்போம். பொன்னாடை பசியாற்றாது. நம் கூலியை நாம் கேட்டு வாங்குவது போல அவர் கூலியையும் தவறாமல் கொடுக்க வேண்டும்.

இரண்டு: செய்து முடித்த பாவையைப் பரணில் போடாதீர்கள். கோயில் கொடையோ, பள்ளிக்கூட விழாவோ, சங்க ஆண்டு விழாவோ, ஆண்டுக்கு ஓர் இரவாவது கூத்தாடிக் குடும்பத்தை முன்பணம் கொடுத்து அழையுங்கள். பாவை செய்யப் பழகிவிட்டதால் நாம் கூத்தாடி ஆகிவிட மாட்டோம். குரல் அவர்களிடம் இருக்கிறது. அந்தக் குரலுக்குக் கூட்டம் சேர்ப்பது நம் வேலை.

மூன்று: பழைய கதைகளோடு புதிய கதைகளையும் கட்டுங்கள். குண்டாற்றில் தண்ணீர் இல்லாத கதை, கண்மாயைச் சீமைக்கருவேலம் விழுங்கிய கதை, ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் பெண்ணின் கதை. உளுவத்தலையன் இதையெல்லாம் பேசமாட்டேன் என்று சொல்லமாட்டான்!

தோல் ஊறிக்கொண்டிருக்கிறது, உளி தயாராக இருக்கிறது. வேலையைத் தொடங்குவோம்.