பதினைந்தாம் வயதின் நிழற்படங்கள்

பழைய ஹவானா நகரின் கல் பாவிய முற்றங்களிலே, குடைபோல் விரிந்த நெடுங்கவுண் அணிந்த சிறுமியொருத்தி நிற்பதைக் காண்பது புதுமையன்று. கவுணின் ஓரம் புழுதியிற் புரளாதவாறு தாய் தூக்கிப் பிடிப்பாள். வெயிலை முகத்தின்மேல் திருப்பும் வெண்தட்டியைத் தம்பி ஏந்தி நிற்பான். படப்பிடிப்பாளர் முழங்காலை மடித்துக் கமராவை உயர்த்துவார். அச்சிறுமிக்கு வயது பதினைந்து.

ஸ்பானிய மொழி வழங்கும் அமெரிக்க நாடுகள் பலவற்றில், பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் அவள் குழந்தைப் பருவத்தைக் கடந்தமைக்கு அடையாளமாகக் கொண்டாடப்படுகிறது. 'கின்சியாஞேரா' என்பது அவ்விழாவின் பெயர். விழாநாயகிக்கும் அதுவே பெயர். இது பூப்பைச் சார்ந்த சடங்கன்று, வயதைச் சார்ந்தது. மெக்சிக்கோவிலே தேவாலயப் பூசைக்குத்தான் முதலிடம். பின்னர் மண்டபத்தில், தந்தை மகளின் முன் மண்டியிட்டு, அவளுடைய தட்டைச் சப்பாத்தைக் கழற்றிக் குதியுயர்ந்த சப்பாத்தை அணிவிப்பார். வால்ஸ் நடனம் தொடரும். அவளது கடைசிப் பொம்மையும் அன்றே அவள் கைக்கு வரும்.

சப்பாத்து மாற்றும் அந்த வேளைதான் படப்பிடிப்பாளருக்குச் சோதனை. தந்தையும் குனிந்திருப்பார், மகளும் தலை தாழ்த்தியிருப்பாள். நின்றபடி எடுத்தால் ஒரு முடியும் ஒரு வழுக்கையுமே படத்தில் விழும்! ஆகவே நிலத்தோடு நிலமாக அமர்ந்து காத்திருத்தல் வேண்டும். மீண்டும் ஒருமுறை செய்யுங்கள் என்று கேட்டாலோ, தந்தையின் கைந்நடுக்கம் போய்விடும், நடிப்பே மிஞ்சும். கவுண் வெண்ணிறமாயின் இன்னொரு தொல்லையும் உண்டு. கமராவின் ஒளிமானி அவ்வெண்மையைக் கண்டு ஏமாந்து படம் முழுவதையும் இருளச் செய்யும். மாநிறச் சிறுமியின் முகம் மறைந்துபோகும். அளவு பார்க்கவேண்டியது முகத்திலேயன்றி உடையிலன்று.

கியூபாவிலோ நிழற்படமே பெருவிழா எனலாம். உடைகளை வாடகைக்கு எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக அணிவித்து, கடற்கரை மதிலருகிலும் பழைய மோட்டார் வண்டிகளிலும் நிறுத்திப் படமெடுத்து ஓர் ஆல்பமாகத் தொகுப்பர். இதற்கெனப் பெற்றோர் பல்லாண்டு முன்னதாகவே பணம் சேர்ப்பதும், மியாமியிலுள்ள உறவினர் அனுப்பி உதவுவதும் உண்டு. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் அந்நாட்டை வாட்டிய தட்டுப்பாட்டுக் காலத்திலும் இவ்வழக்கம் அறுந்துபோகவில்லை.

இத்துணை செலவிட்டுப் பெற்ற படங்களிற் சிறுமியைத் தேடவேண்டியிருப்பதுதான் வருத்தம். தடித்த ஒப்பனையும் வயதுக்கு மீறிய நிலைகளும் சேர்ந்து, அவளை எங்கோ கண்ட நடிகையாக்கிவிடுகின்றன. தாய் அதனையே விரும்புவாள். கூலி கொடுப்பவளும் அவளே. மறுத்தால் தொழில் போகும். மறுக்காவிடில் அவளுடைய பதினைந்தாம் வயதுக்குச் சான்றின்றிப் போகும்.

நல்ல படப்பிடிப்பாளர் வாதாடுவதில்லை. கேட்ட நிலைகள் அனைத்தையும் எடுத்துக் கொடுப்பார். அடுத்த இடத்துக்குச் செல்லும் வழியில், கால் கடுத்த சிறுமி சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டில் அமர்ந்து, தம்பியின் கையிலிருக்கும் ஐஸ்கிறீமைப் பறித்துச் சிரிக்கும்போது, ஓசைப்படாமல் ஒன்று எடுத்துக்கொள்வார். பேசிய கணக்கில் அப்படம் இல்லை. ஆயினும் ஆல்பத்தைப் புரட்டும் தாய்மார் சிலர், அதையே பெரிதாக்கித் தருமாறு கேட்பர்.