எண்ணப்படாத அசைவுகள்



மாநாட்டின் இந்தத் தலைமை நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களில் இருவர் என் ஆசிரியர்கள். இருவரும் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்த ஒன்றிலிருந்து இன்று மாறுபட்டுப் பேசப்போகிறேன். அதனால் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது.

மாநாட்டின் பொருள் மூளையின் நெகிழ்திறன். அடிப்படைகளை இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. 1996-இல் நூடோ குழுவினர் அணில் குரங்குகளில் கண்டதை அனைவரும் அறிவீர்கள்: மூளைப் பாதிப்புக்குப் பின் கைக்குப் பயிற்சி கொடுத்தால், புறணியில் அந்தக் கைக்கு எஞ்சியுள்ள இடம் காக்கப்படுகிறது, கொடுக்காவிட்டால் அதுவும் சுருங்குகிறது. காந்தத் தூண்டல், ரோபோ, கண்ணாடிச் சிகிச்சை பற்றி அடுத்த அமர்வுகளில் வல்லவர்கள் பேசுவார்கள். என் நேரத்தை நான் 1917-க்குக் கொண்டுபோகிறேன்.

அந்த ஆண்டில் ராபர்ட் ஆக்டனும் ஷெப்பர்ட் ஐவரி ஃபிரான்ஸும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குரங்குகளுக்கு ஒருபக்க வாதத்தை உண்டாக்கினார்கள். சிலவற்றைச் சும்மா விட்டார்கள். சிலவற்றின் வாதக் கையைப் பிடித்துவிட்டார்கள். சிலவற்றின் நல்ல கையைக் கட்டினார்கள். சிலவற்றுக்கு நல்ல கையைக் கட்டியதோடு, வாதக் கையை அசைத்தே தீரவேண்டிய நிலையையும் உண்டாக்கினார்கள். முழுமையாகத் தேறியவை இந்தக் கடைசி வகைக் குரங்குகள்தாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில் இதைச் சொன்னேன். "நூறு வருஷத்துக் குரங்கை வைத்து மனிதனுக்கு வைத்தியம் பார்ப்பதா?" என்று மூத்த அறிஞர் ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்தது. அவர்மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை. ஆனாலும் பதில் பாக்கி இருக்கிறது. ஃபிரான்ஸ் குரங்கோடு நிற்கவில்லை. 1915-லேயே, நெடுநாள் வாதத்தோடு இருந்த மனிதர்களுக்கும் இயக்கம் திரும்புமா என்று ஆராய்ந்து, தம் சகாக்கள் இருவரோடு சேர்ந்து அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். ஆறு மாதம் தாண்டினால் இனி ஒன்றுமில்லை என்று நாம் இன்றும் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோமே, அந்த முடிவைக் கேள்வி கேட்ட கட்டுரை அது.

பிறகு ஏன் மறந்தோம்? வளர்ந்த மூளை மாறாது என்ற நம்பிக்கை ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் துறைக்குள்ளேயே இருந்தது என்பது என் கருத்து. பெர்தா போபாத் அம்மையாரின் வழியில்தான் நானும் படித்தேன். நோயாளியின் உடலைத் தொட்டு உணரும் விரல்களை எனக்குத் தந்தது அந்த மரபு. ஆனால் தவறான அசைவு பதிந்துவிடக்கூடாது என்ற அச்சத்தில், அசைவையே தள்ளிப்போடும் பழக்கத்தையும் அதே மரபு நமக்குள் ஊன்றிவிட்டது. 2000-இல் வெளிவந்த நார்வே ஆய்வில் 61 பக்கவாத நோயாளிகளை வைத்து, போபாத் முறையையும் செயல்வழி இயக்கக் கற்றலையும் ஒப்பிட்டார்கள். இரண்டாவது வழியில் பயின்றவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். என் ஆசிரியர்கள் இந்த முடிவை மறுபடி படிக்க வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.

எட்வர்ட் டாப் இந்தப் பழைய நூலிழையை மீண்டும் கையில் எடுத்தார். கை அசையாமல் போவதற்கு நரம்புச் சேதம் மட்டும் காரணமல்ல, முயன்று முயன்று தோற்ற கையை மூளை கைவிடவும் பழகிவிடுகிறது என்றார். நான் பார்த்த ஒரு தையல்காரர் நினைவுக்கு வருகிறார். வலது கை விரல்கள் கொஞ்சம் மடங்கும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கை மடியில் கிடக்கும். மனைவி பிசைந்து ஊட்டுவார், சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார். துணியைக் கையில் கொடுத்து, "பிடிங்க, விடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, பதினோராவது முறை கட்டைவிரல் தானாக உள்ளே வந்தது. மனைவி அழுதுவிட்டார். அன்று நான் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

2006-இல் வெளிவந்த எக்சைட் ஆய்வில் 222 பேர். நல்ல கைக்குக் கையுறை, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, இரண்டு வாரம். பலன் தெளிவாக இருந்தது. நம்மவர்கள் அதிலிருந்து கையுறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனால் ஒன்றும் நடக்காது. அந்த ஆய்வில் வார நாட்களில் ஆறு மணி நேரம் வரை பயிற்சி இருந்தது. 1917 கட்டுரையும் கட்டுவது ஒரு பாதி, அசைப்பது மறுபாதி என்றுதான் காட்டியது.

அந்த மறுபாதி நடைமுறையில் எவ்வளவு நடக்கிறது? கேத்தரின் லாங் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, கனடாவில் 312 சிகிச்சை வேளைகளைக் கவனித்தார்கள். ஒரு வேளைக்குக் கைக்கான செயல்சார் அசைவுகள் சராசரியாக 32. விலங்கு ஆய்வுகளில் ஒரு வேளைக்கு நூற்றுக்கணக்கில் செய்யவைக்கிறார்கள். நம் வார்டில் எத்தனை? சொல்ல முடிந்தவர்கள் கை உயர்த்துங்கள்.

அதற்காக முதல் நாளே போட்டு வாட்டச் சொல்லவில்லை. முதல் 24 மணி நேரத்திலேயே தொடங்கி அடிக்கடி எழுப்பி நடமாடவைத்ததில் விளைவு மோசமானது என்று 2015-இல் அவெர்ட் ஆய்வு காட்டியது. குடும்பத்தார் கையில் பொறுப்பைக் கொடுத்தால் போதும் என்பதும் சரிவரவில்லை. நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் நடந்து 2017-இல் வந்த அட்டெண்ட் ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, காலம் பார்த்து, நாமே பக்கத்தில் நின்று, போதிய அளவு. இந்த அளவைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

மாநாடு முடிந்து திங்கட்கிழமை வார்டுக்குப் போனதும் கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் போடுங்கள். நோயாளி அன்று அந்தக் கையால் எத்தனை முறை எடுத்தார், வைத்தார், பிடித்தார் என்று எண்ணி அதில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரும்போது அந்தத் தாள்களை எடுத்துவாருங்கள்.